கையெழுத்துக்கு முன் பத்து நாள்: ஒரு ஸ்டோரேஜ் இன்ஜினியருக்குப் பதில்

வந்த கடிதம், சுருக்கமாக

எழுதியவர் 36 வயதுப் பெண். சொந்த ஊர் நாமக்கல் பக்கம், வேலை பெங்களூருவில். இசிஇ முடித்துவிட்டு 13 வருடமாக ஸ்டோரேஜ், அதாவது கணினித் தரவைச் சேமிக்கும் தொழில்நுட்பத் துறையில் இருக்கிறார். முதல் நான்கு வருடம் டெஸ்டிங். அடுத்த ஒன்பது வருடம் ஒரே நிறுவனத்தில் எஸ்எஸ்டி ஃபர்ம்வேர் (சிப்பில் தரவைச் சேமிக்கும் டிஸ்கை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) எழுதும் வேலை. பதவியின் பெயர் டெக்னிக்கல் லீட். போன மாதம் அவருடைய குழுவையே கலைக்கப்போவதாக அறிவித்தார்கள். "நீங்களாகவே ராஜினாமா செய்துவிடுங்கள், மூன்று மாதச் சம்பளம் தருகிறோம், பத்து நாளில் கையெழுத்து வேண்டும்" என்று எச்ஆர் தரப்பில் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக்கடன் மாதத் தவணை 46,000 ரூபாய். கணவருக்குச் சொந்தத் தொழில், வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும். மகள் நான்காம் வகுப்பு. அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, அவருடைய மருத்துவச் செலவு இவருடைய கம்பெனி இன்சூரன்ஸில் ஓடுகிறது. அப்பா தினமும் சாயங்காலம் போன் செய்து "வேலையெல்லாம் எப்படிம்மா போகுது?" என்று கேட்கிறார். இவர் "நல்லா போகுதுப்பா" என்கிறார்.

"கிளவுட் வந்த பிறகு ஸ்டோரேஜ் செத்துவிட்டது. என் 13 வருடம் வீண். மூன்றரை லட்சம் ரூபாய் ஏஐ கோர்ஸ் ஒன்றுக்கு 25,000 முன்பணம் கட்டிவிட்டேன், மீதிக்குக் கடன் ஏற்பாடு செய்கிறார்கள். போட்டி நிறுவனத்தில் 12 மாதம் சேரக்கூடாது என்று என் ஒப்பந்தத்தில் இருக்கிறது, மீறினால் ஜெயிலா? நானே எழுதிய சில கோடு பகுதிகளை இன்டர்வியூவில் காட்ட எடுத்து வைத்துக்கொள்ளலாமா? ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டி போய்விடுமா?" இவைதான் கேள்விகள். கடைசியாக, சரியாகத் தூங்கி மூன்று வாரம் ஆகிறது என்றும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு

உங்கள் கடிதத்தில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, பத்து நாளில் முடிவெடுக்க வேண்டிய காகித வேலை. இன்னொன்று, அடுத்த பத்து வருடத்துக்கான வேலை. இரண்டாவதைப் பற்றிய பயத்தில் முதலாவதில் அவசரப்படுகிறீர்கள். அதனால் காகிதத்தை முதலில் பார்ப்போம்.

நானும் இந்த இடத்தில் நின்றிருக்கிறேன். 2000-களின் தொடக்கத்தில் டேப் பேக்கப் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். நிறுவனம் ஒருநாள் அந்தப் பொருளையே நிறுத்தியது. "டேப்பெல்லாம் இனி யாருக்கு வேண்டும்" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். சேர்த்துவைத்திருந்த விடுப்புக்கான பணம் அதோடு போயிற்று. இன்றைக்கு எல்டிஓ-9 வகை டேப் ஒன்று, சுருக்காமலே 18 டெராபைட் பிடிக்கிறது. பெரிய தரவு மையங்கள் பழைய தரவை இன்னும் டேப்பில்தான் அடுக்குகின்றன.

அந்த மூன்று மாதச் சம்பளம் யாருடைய பணம்?

உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்து நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று பாருங்கள். பெங்களூரு நிறுவனங்களில் 90 நாள் என்பது சாதாரணம். உங்களுக்கும் 90 நாள் என்று இருந்து, நிறுவனம் வெளியே அனுப்பினாலும் அந்த நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும் என்று எழுதியிருந்தால், அவர்கள் 'தருகிறோம்' என்று சொல்லும் மூன்று மாதச் சம்பளம் ஏற்கெனவே உங்களுக்குச் சேர வேண்டியது. ராஜினாமாவுக்காகக் கூடுதலாக எதுவும் தரவில்லை. இதை மட்டும் மெயிலில் கேளுங்கள்: "இந்தத் தொகை நோட்டீஸ் சம்பளமா, அதற்கு மேல் தரும் இழப்பீடா?" பதில் எழுத்தில் வரட்டும்.

"ராஜினாமா என்றால் ரெக்கார்டில் நல்லது, நீக்கம் என்றால் கறை" என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. குழுவைக் கலைத்ததால் வேலை போவது யாருக்கும் கறை இல்லை. இன்டர்வியூவில் "என் குழுவை மூடிவிட்டார்கள்" என்று ஒரே வரியில் சொன்னால் போதும். எதிரில் இருப்பவர்கூட அதை ஒருமுறை கடந்து வந்தவராக இருக்கலாம்.

ராஜினாமா செய்வதால் நீங்கள் இழக்கக்கூடியது வேறொன்று. ஆட்குறைப்பு என்றால், சட்டப்படி 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவருக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாக உண்டு. "நான் லீட், நான் எப்படித் தொழிலாளி?" என்று கேட்பீர்கள். நீதிமன்றங்கள் பதவியின் பெயரைப் பார்ப்பதில்லை, ஒருவர் முக்கியமாக என்ன வேலை செய்கிறார் என்பதைத்தான் பார்க்கும். தினமும் கோடு எழுதி, பக் திருத்தி, யாருக்கும் விடுப்புக்கூட அனுமதிக்கும் அதிகாரம் இல்லாதவர் நீங்கள் என்றால் வாதாட இடம் இருக்கிறது. ஜெயிக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனால் நீங்களே எழுதிய ராஜினாமாக் கடிதம் ஒன்று எதிர்த்தரப்பின் கையில் இருந்தால் அந்த வாதம் மிகவும் பலவீனமாகிவிடும். எனவே கையெழுத்துக்கு முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒப்பந்தத்தையும் அவர்கள் கொடுத்த தாளையும் காட்டுங்கள். நீங்கள் கட்டிய முன்பணத்தை விட அந்தக் கட்டணம் குறைவாகவே இருக்கும்.

கிராஜுவிட்டியைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், ராஜினாமா செய்தாலும் அது உங்கள் உரிமை. கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் 90,000 என்று வைத்தால், ஒன்பது வருடத்துக்கு ஏறக்குறைய 4 லட்சத்து 67 ஆயிரம் வரும். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் ஊதியம் என்பதன் வரையறை மாறியிருப்பதால், அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாகப் பிரித்துக் காட்டியிருந்தால் தொகை கூடவும் வாய்ப்பு உண்டு. வழக்கறிஞரிடம் இதையும் கேளுங்கள். இந்தப் பணத்தை 'பேக்கேஜ்' என்ற மொத்தத் தொகைக்குள் கலந்து காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், அப்பாவின் இன்சூரன்ஸ். இதை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். கம்பெனியின் குழுக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு நின்றுவிடும். அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விதிகளில் வழி இருக்கிறது. அப்படி மாறும்போது ஏற்கெனவே கடந்த காத்திருப்புக் காலமும் கணக்கில் சேரும். ஆனால் இன்சூரன்ஸ் நிறுவனம் பரிசீலித்து ஏற்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். ஸ்டென்ட் வைத்தவருக்கு வெளியே புதிதாகப் பாலிசி தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலையில் இருக்கும்போதே விண்ணப்பத்தை ஆரம்பித்துவிடுங்கள். பேரம் பேசும்போது "காப்பீட்டை மட்டும் ஆறு மாதம் நீட்டித்துத் தாருங்கள்" என்று கேளுங்கள். கூடுதல் பணம் தர மறுக்கும் நிறுவனங்கள்கூட இதற்குச் சம்மதிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எதற்கு ஜெயில், எதற்கு இல்லை

இந்தப் பயத்தை நீங்கள் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள்.

1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும்போது போட்டியாளருக்கு வேலை செய்யாதே என்று தடுக்கலாம். வேலையை விட்ட பிறகு 12 மாதம் வீட்டில் உட்கார் என்பது நம் நீதிமன்றங்களில் பொதுவாக நிற்பதில்லை. ஜெயில் என்ற பேச்சுக்கே இடமில்லை, அது சிவில் விவகாரம். ஆனால் ரகசியம் காக்கும் ஷரத்து வேலையை விட்ட பின்னும் உங்களைக் கட்டும். அங்கே எந்தக் கன்ட்ரோலர் சிப்புக்கு என்ன திட்டம் வைத்திருந்தார்கள் என்பதைப் புதிய இடத்தில் பேசக்கூடாது.

"நானே எழுதியதுதானே" என்று கோடை எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறீர்களே, உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வேலையின் பகுதியாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் நிறுவனம்தான் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்கிறது. அனுமதியில்லாமல் நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 ஆகிய பிரிவுகளில் போய் நிற்கும். நேர்மையற்ற நோக்கம் என்று நிரூபித்தால் மூன்று வருடம் வரை சிறை. குழு கலைக்கப்படும் நேரத்தில் யார் என்ன ஃபைலை வெளியே அனுப்புகிறார்கள் என்று கவனமாகப் பார்ப்பார்கள். பென்டிரைவ், சொந்த மெயில், போனில் ஸ்கிரீன் படம், எதுவும் வேண்டாம். ஏற்கெனவே எடுத்திருந்தால் இன்றே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள், நீங்களாக அழிக்கப் போகாதீர்கள்.

உங்கள் பெயரில் இரண்டு பேட்டன்ட் இருப்பதாகப் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அவற்றின் உரிமை நிறுவனத்துடையது. ஆனால் கண்டுபிடிப்பாளர் என்று உங்கள் பெயர் பொது ஆவணத்தில் நிற்கிறது. அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், இன்டர்வியூவில் நீங்களும் தாராளமாகப் பேசலாம். ரெஸ்யூமில் முதல் பக்கத்தில் போடுங்கள்.

சரி, ஸ்டோரேஜ் செத்துவிட்டதா?

உங்கள் பயத்தில் உண்மை இருக்கும் பகுதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன். பெட்டியாக விற்கும் ஸ்டோரேஜ் வேலைகள் முன்போல் இல்லை. எஸ்எஸ்டி ஃபர்ம்வேர் எழுத ஆள் எடுக்கும் நிறுவனங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்டெல் 2015-இல் பெரிதாக அறிவித்த 3டி எக்ஸ்பாயின்ட் நினைவகம், ஆப்டேன் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. 2022-இல் அந்தத் தொழிலை மூடிவிட்டார்கள். அதை மட்டுமே தெரிந்து வைத்திருந்தவர்கள் தவித்தார்கள். இது மறுபடி நடக்கும்.

ஆனால் கிளவுட் என்பதும் யாரோ ஒருவருடைய டிஸ்க்தான். அமேசானின் கிளவுட் சேமிப்புச் சேவையான எஸ்3 2006 மார்ச்சில் வந்தது. வைத்த பொருள் தொலையாமல் இருக்கும் என்பதற்குப் பதினோரு ஒன்பதுகள், அதாவது 99.999999999 சதவீதம் என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்த வாக்கைக் காப்பாற்ற, கீழே தரவை வைக்கும் அடுக்கையே ரஸ்ட் என்ற நிரல்மொழியில் ஷார்ட்ஸ்டோர் என்று புதிதாக எழுதினார்கள். அதைச் சரிபார்த்த விதத்தை 2021-இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்தக் கட்டுரையில் முக்கிய இடம் உண்டு. நீங்கள் ஒன்பது வருடமாகத் தினமும் கேட்கும் கேள்வியே அதுதானே?

உங்கள் வேலையையே எடுத்துக்கொள்வோம். எஸ்எஸ்டிக்குள் இருக்கும் ஃபிளாஷ் சிப்பில் ஒரு பக்கத்தின் மேல் அப்படியே திரும்ப எழுத முடியாது, அழிப்பதென்றால் ஒரு பெரிய பிளாக்கை மொத்தமாக அழிக்க வேண்டும். அதனால் புதிய தரவை வேறிடத்தில் எழுதி, பழையதில் உயிரோடு இருப்பதை மட்டும் பொறுக்கிச் சேர்க்கிறீர்கள். கார்பேஜ் கலெக்ஷன் என்கிறீர்கள். பயனர் ஒரு மடங்கு எழுத, உள்ளே எத்தனை மடங்கு எழுதுகிறோம் என்பதை ரைட் ஆம்ப்ளிஃபிகேஷன் என்று அளக்கிறீர்கள். இப்போது ராக்ஸ்டிபி போன்ற டேட்டாபேஸ் எஞ்சினைத் திறந்து பாருங்கள். அதில் காம்பாக்ஷன் என்ற வேலையும் இதே பொறுக்கிச் சேர்ப்பதுதான். அங்கேயும் அதே ரைட் ஆம்ப்ளிஃபிகேஷன், பெயர்கூட மாறவில்லை. டேட்டாபேஸ் எழுதுபவர்களில் பலருக்கு டிஸ்குக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அந்த அறியாமைக்கு என்ன விலை என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். தரவு டிஸ்கில் இறங்கிவிட்டதா என்று உறுதிசெய்யும் எஃப்சிங்க் என்ற அழைப்பு தோற்றுப்போனால், மறுபடி அழைத்தால் சரியாகிவிடும் என்று போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வருடக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தது. லினக்ஸ் அப்படி நடக்கவில்லை. முதல் தோல்வியோடு அந்தப் பக்கங்களை 'சுத்தம்' என்று குறித்துவிடும், இரண்டாம் அழைப்பு வெற்றி என்று திரும்பும், தரவு மட்டும் டிஸ்கில் இருக்காது. 2018-இல் இது வெளியே வந்தபோது அந்தச் சமூகமே ஆடிப்போனது. எழுதியது உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகம் உங்களுக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது. அதைக் கோர்ஸில் சொல்லித் தர முடியாது.

ஏஐ பக்கம் போகத்தான் வேண்டும் என்றாலும் உங்கள் கதவு இதே கதவுதான். லாமா 3 என்ற ஏஐ மாதிரியைப் பயிற்றுவித்ததைப் பற்றி மெட்டா 2024-இல் வெளியிட்ட கட்டுரையைப் படியுங்கள். 16,384 ஜிபியு (ஏஐ கணக்குகளைப் போடும் சிப்) ஓடிய 54 நாளில், எதிர்பாராமல் 419 முறை வேலை நின்றது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய எட்டு முறை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்காமல் இருக்க, அவ்வப்போது மொத்த நிலையையும் சேமிக்க வேண்டும். அதற்காக எஸ்எஸ்டி பொருத்திய 7,500 சர்வர்களில் 240 பெட்டாபைட் இடம் வைத்திருந்தார்கள். சீனாவின் டீப்சீக் நிறுவனம் 2025 பிப்ரவரியில் 3எஃப்எஸ் என்ற தன் சொந்த ஃபைல் சிஸ்டத்தையே எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஏஐ நிறுவனம் எதற்கு ஃபைல் சிஸ்டம் எழுத வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் அந்த மூன்றரை லட்சம் ரூபாய் கோர்ஸ் வேண்டாம் என்பது என் கருத்து. ஆறு மாதத்தில் மாதிரி பயிற்றுவிக்கக் கற்றுக்கொண்டு, நேற்று கல்லூரி முடித்த பையன்களோடு அவர்கள் சம்பளத்துக்குப் போட்டி போடுவீர்கள், கூடவே கடனும் இருக்கும்.

உங்களுக்குக் குறைவது எங்கே என்று கேட்டால், மூன்று இடம் தெரிகிறது. ஒரே சாதனத்துக்குள் யோசித்துப் பழகியிருக்கிறீர்கள். பல மெஷின்கள் சேர்ந்து ஒரே முடிவுக்கு வருவது எப்படி என்று ராஃப்ட் முறையிலிருந்து தொடங்கிப் படியுங்கள். சி மொழி மட்டும் போதாது, ரஸ்ட் அல்லது நவீன சி++ ஒன்று வேண்டும். மூன்றாவது, வெளியில் காட்டக் கைவேலை எதுவும் இல்லை. கியூஇஎம்யூ மென்பொருளில் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியை அப்படியே பாவனை செய்யும் வசதி இருக்கிறது. ஹார்டுவேர் வாங்காமல், பழைய நிறுவனத்தின் ஒரு வரியைக்கூடத் தொடாமல், வீட்டிலிருந்தே புதிதாக எழுதலாம். செஃப், ராக்ஸ்டிபி, எஸ்பிடிகே ஆகிய திறந்த மூல ஸ்டோரேஜ் திட்டங்களில் திறந்து கிடக்கும் பக்குகளில் உங்கள் கண்ணுக்குச் சுலபமாகத் தெரிவது ஏதாவது கட்டாயம் இருக்கும். ஆனால் கடைசி வேலை நாள் முடிந்த பிறகே தொடங்குங்கள். வேலையில் இருக்கும்போது எழுதுவதெல்லாம் எங்களுக்கே என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி ஒளிந்திருக்கலாம்.

பொருள் மூடப்படுவதும் ஆள் முடிந்துபோவதும் ஒன்றா என்று சந்தேகம் வரும்போது ஏ.பி. பெரியசாமியை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவர் உருவாக்கிய குளஸ்டர் ஃபைல் சிஸ்டம் நிறுவனத்தை 2011-இல் ரெட்ஹாட் 13 கோடியே 60 லட்சம் டாலருக்கு வாங்கியது. பின்னாளில் அந்த ஸ்டோரேஜ் பொருளுக்கான ஆதரவையே ரெட்ஹாட் நிறுத்திவிட்டது. அவரோ 2014-லேயே வேறு இருவரோடு சேர்ந்து மினியோ என்ற அடுத்த ஸ்டோரேஜைத் தொடங்கிவிட்டார்.

பணக்கணக்கு ஒன்று போட்டுவிடுங்கள். நோட்டீஸ் சம்பளம், கிராஜுவிட்டி, விடுப்புப் பணம் மூன்றையும் சேர்த்து, தவணை 46,000-மும் வீட்டுச் செலவும் எத்தனை மாதம் ஓடும் என்று கணவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். எட்டு மாதம் வந்தால் நல்ல வேலைக்காகப் பொறுக்கலாம். நாலு மாதம்தான் வருகிறது என்றால் முதலில் டெஸ்டிங்கோ சப்போர்ட்டோ, கிடைத்த ஸ்டோரேஜ் வேலையில் ஏறிக்கொண்டு அங்கிருந்து நகருங்கள். பிஎஃப் பணத்தை எடுக்காதீர்கள், புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் சொல்லுங்கள். இதயம் பலவீனமானவர் என்று மறைக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் இன்சூரன்ஸ் மாற்றும் படிவத்தில் அவருடைய கையெழுத்தும் மருத்துவக் காகிதங்களும் தேவைப்படும்; அப்போது தானாகத் தெரியவரும். "குழுவை மூடுகிறார்கள்ப்பா, கையில் இத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது, இன்சூரன்ஸை மாற்றிக்கொண்டிருக்கிறேன்" என்று அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே சொன்னால், அவரும் தாங்கிக்கொள்வார். தூக்கமின்மை இன்னும் ஒரு வாரம் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள், வேலை கிடைத்தால் சரியாகிவிடும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இன்று மூன்று மெயில் அனுப்புங்கள். எச்ஆருக்கு ஒன்று: தொகையின் பிரிவை எழுத்தில் கேட்டும், வழக்கறிஞரைப் பார்க்க அவகாசம் கேட்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒன்று. கோர்ஸ் நடத்துபவர்களுக்கு ஒன்று: சேரவில்லை, 25,000-ஐத் திருப்பித் தாருங்கள், என் பெயரில் கடன் எதுவும் பதிவு செய்ய வேண்டாம் என்று. போனில் அவர்கள் அனுப்பும் ஓடிபி எதையும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். கடன் அதன் வழியாகவும் தொடங்கிவிடும்.